மதிலில் வைத்த ஈரல்

மூன்று காகங்கள் வந்தன.

முருகைக்கல் மதில் அது. என் இடுப்பளவு உயரம். அதன் மேல் ஒரு பூவரசமிலை. இலையில் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு ஈரல், கருஞ்சிவப்பாய், ஈரம் காயாமல். முதலாவது காகம் மதிலில் இறங்கி, தத்தித் தத்திக் கிட்டப் போனது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பின்வாங்கியது. மற்ற இரண்டும் தென்னோலையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்றும் பறந்துபோய்விட்டன.

நான் பூவரச மர நிழலில் கிடந்த வாங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். ஈரலில் ஈக்கள் மொய்க்கத் தொடங்கின. மத்தியான வெயிலில் அதன் வாடை என் பக்கம் அடித்தது. குமட்டியது. காலடியில் கிடந்த ஒரு தடியை எடுத்து, இலையோடு சேர்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டேன்.

சற்று நேரத்தில் சமையல் நடந்த குசினிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“பிள்ளை, மதிலில வைச்சதைக் காகம் எடுத்திட்டுதோ?”

“ஓம்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. இல்லையென்றால் கதை வளரும். ஏன் தட்டினீர், எங்கே விழுந்தது என்று கேட்பார்கள். அந்த நேரம் எனக்கு ஒருவரோடும் கதைக்க விருப்பமில்லை. அவ்வளவுதான்.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரில் நான் மண்கும்பான் மணலைப் பற்றி எழுதினேன். நெடுந்தீவு வள்ளத்தில் வாந்தியெடுத்த கதையை எழுதினேன். அங்கே மண்சட்டியில் வாங்கித் தின்ற தயிரைப் பற்றியும், நாங்கள் தின்பதை மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற கட்டைக் குதிரையைப் பற்றியும் எழுதினேன். கரம்பொன்னில் பிறந்த வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். “தீவுப்பகுதி முழுக்கச் சுற்றிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஊர்காவற்றுறையில் மட்டும் கை நனைக்கவில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

உண்மையிலேயே நான் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன். மூன்று வாரமாக வேண்டுமென்றேதான். கடிதம் மேசையில் கிடக்கிறது. இனிச் சுற்றிப் போக ஏலாது.

குணம் அண்ணையின் ஞாயிறுகள்

எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டாவது வருடம். என் கணவர் பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. அதே கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசை குணம் அண்ணை. குணரத்தினம் என்பது முழுப்பெயர். அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் கடும்பச்சை நிறத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் இருந்தது. இடது பக்கப் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார். அந்தப் பக்கம் இருப்பவர் இறங்குவதென்றால் மற்றவர்கள் எல்லோரும் முதலில் இறங்க வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, குணம் அண்ணை, அவருடைய மனைவி திலகமக்கா, இவர், நான் என்று நால்வரும் விடியவே புறப்படுவோம். திலகமக்காவின் மடியில் அவர்களுடைய சின்ன மகள். பண்ணைப் பாலம் தாண்டியதும் கடற்காற்று காருக்குள் வரும். உடனே குணம் அண்ணைக்குப் பசிக்கத் தொடங்கிவிடும்.

“இந்தக் காற்றில எதோ கலந்திருக்கு. விடியச் சாப்பிட்டது எங்க போனதெண்டு தெரியேல்லை,” என்பார்.

“அது காற்றில்லை, உங்கட வயிறு,” என்பா திலகமக்கா.

சாப்பாட்டுக்கடை பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. உள்ளே போய் உடனே இருக்கமாட்டார். வாசலில் நின்று கடைக்காரரோடு ஊர்க்கதை கதைப்பார். “நீங்கள் மத்தியானம் எங்க சாப்பிடுறனீங்கள்?” என்று இடையில் ஒரு கேள்வி போடுவார். “இஞ்சைதான்” என்று பதில் வந்தால் இருப்பார். “வீட்டை போய்” என்றால் ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுவார்.

பெண்கள் கடை வாங்கில் இருந்து சாப்பிடுவதை அந்த நாளில் ஒருவரும் நல்ல கண்ணால் பார்க்கமாட்டார்கள். என் மாமியாரிடம் “நேர்த்திக்கடனுக்குப் போறம்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். ஏதாவது ஒரு கோயில் வாசலில் காரை நிறுத்தி நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வருவதால் அது முழுப் பொய்யும் ஆகாது. வாங்கில் முதன்முதலாக இருந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். திலகமக்கா என் காதுக்குள் சொன்னா: “நிமிர்ந்து இரும். நாங்கள் களவெடுக்க வரேல்லை.”

அவவை நான் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

தெரேசம்மாவின் கொட்டில்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்டத் தெரேசம்மாவின் வீடு. முன்வளவில் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில், இரண்டு நீள வாங்கு, ஒரு மேசை. பெயர்ப்பலகை கிடையாது. சனி, ஞாயிறுகளில் மட்டும் சோறு போடுவா. கணவர் சூசை கடலுக்குப் போய் எதைக் கொண்டுவருகிறாரோ அதுதான் அன்றைய கறி. தெரேசம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. வாயில் எந்நேரமும் ஒரு அதட்டல்.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ. கடல் ஓடிப் போகாது,” என்பா.

நண்டுக் குழம்பில் முருங்கையிலை போட்டு இறக்குவா. அந்த மணம் வாசல் படலையிலேயே வந்து நம்மைப் பிடிக்கும். குணம் அண்ணை தன்னுடைய வழக்கமான கேள்வியை முதல்நாள் அவவிடமும் கேட்டார்.

“நான் வேற எங்க போய்ச் சாப்பிடுறது? எல்லாரும் எழும்பினாப் பிறகு மிச்சத்தை நானும் அவரும்தான் தின்னிறம்,” என்றா அவ.

குணம் அண்ணை அன்றைக்கே அந்தக் கொட்டிலுக்கு அடிமையாகிவிட்டார்.

சந்தியில் திரும்பிய கார்

அந்த ஞாயிறு திலகமக்கா வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். குணம் அண்ணையும் இவரும் நானும் மட்டும் புறப்பட்டோம்.

அன்றைக்கு நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதாகத்தான் பேச்சு. எனக்குப் பிள்ளை தங்காமல் ஒரு முறை கரைந்துபோயிருந்தது. அம்மாளாச்சிக்கு விளக்கு வைக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். மாமியாருக்குச் சொன்ன காரணம் அந்த ஒருநாள் மட்டும் உண்மை. அர்ச்சனைச் சாமான்களும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் என் மடியில் இருந்தன.

வேலணையில் வீதி இரண்டாகப் பிரிகிற இடத்தில் எங்களுக்குத் தெரிந்த பஸ் கொண்டக்டர் ஒருவர் நின்றார். காரைக் கண்டதும் கையைக் காட்டினார்.

“குணம் அண்ணை, தெரேசம்மா உங்களைத் தேடினவா. சூசையற்றை வலையில ஆமை விழுந்திருக்காம். இண்டைக்கு வெட்டுகினமாம்.”

அந்த நாளில் ஆமை பிடிப்பதையும் தின்பதையும் எங்கள் பக்கத்தில் ஒருவரும் குற்றமாக நினைத்ததில்லை. கிடைப்பது அருமை, கிடைத்தால் ஊரே போய் நிற்கும்.

குணம் அண்ணை இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்க்கவில்லை.

“நயினாதீவுக்கு அடுத்த கிழமையும் வள்ளம் ஓடும்தானே,” என்றார் இவர்.

கார் ஊர்காவற்றுறைப் பக்கம் திரும்பியது. நான் மடியில் இருந்த அர்ச்சனைச் சாமான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குணம் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, “புஷ்பம், கோவிக்காதையும். அடுத்த ஞாயிறு நானே உம்மைத் தோளில வைச்சுக் கொண்டுபோய் விடுறன்,” என்றார். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

அதனால்தான் நான் கொட்டிலுக்குள் போகாமல் பூவரசுக்குக் கீழே போய் இருந்தேன். மதிலும் காகமும் நடந்தது அப்போதுதான். அன்றைக்கு எங்கோ திருநாளுக்குப் போய்த் திரும்பிய ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். தெரேசம்மா ஒருத்தி, அடுப்பு மூன்று. வெளியில் வந்து பார்க்க அவவுக்கு நேரமில்லை. அதனால்தான் குசினியிலிருந்து என்னைக் கேட்டா.

கறி கொதித்த மணம் வளவு முழுக்கப் பரவியது. இவர் ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கோபம் என்னோடதானே. சோறு என்ன செய்தது? சாப்பிடுமப்பா.”

கையால் தள்ளிவிட்டேன். அம்மாளாச்சிக்கென்று கொண்டுபோன வாழைப்பழத்தில் இரண்டை உரித்துத் தின்றேன். அவரைக் கோபப்படுத்த வேண்டும் என்றுதான் செய்தேன். அவர் திரும்பிப் போய் அந்தக் கோப்பையையும் தானே சாப்பிட்டார்.

உதடு எரிகிறது

திரும்பி வரும்போது மண்கும்பானில் காரை நிறுத்தினோம். வழக்கமாகக் குணம் அண்ணை மணலில் மல்லாந்து படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அன்றைக்குக் கையால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சுண்ணாம்பு கூடின வெத்திலை போட்டமாதிரிக் கிடக்கு. உமக்கு எப்பிடி?” என்று இவரைக் கேட்டார்.

“எனக்கும் நாக்கு எரியுது. தெரேசம்மா இண்டைக்கு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிப் போட்டா.”

இருவரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. நல்லா எரியட்டும் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் நினைத்தேன்.

பொழுதுபடமுன்னமே இவர் சத்தியெடுக்கத் தொடங்கினார். அடுத்தநாள் விடிய, தண்ணீர் விழுங்க முடியவில்லை. நாக்கில் வெள்ளையாய்ப் படை படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே குணம் அண்ணையை எனக்கு முன்னமே திலகமக்கா கொண்டுவந்து படுத்தியிருந்தா. இரண்டு கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். கந்தோரில் இரண்டு மேசை இருந்த மாதிரி.

ஊர்காவற்றுறையிலிருந்தும் சிலரைக் கொண்டுவந்தார்கள். சூசையும் அதில் ஒருவர்.

திலகமக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. “நீர் தப்பினீர் புஷ்பம். கோயிலுக்கு நேர்ந்ததாலதான் அம்மாளாச்சி உம்மைத் தின்ன விடேல்லை,” என்றா. அவவின் கை சூடாக இருந்தது. பிள்ளையின் காய்ச்சல் அவவுக்கும் தொற்றியிருந்தது என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை. வார்டில் வேலை செய்த ஒரு பெண் கட்டிலுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தா. கடற்கரை ஊர்க்காரி, நடுத்தர வயது. கூட்டிக்கொண்டே கேட்டா:

“ஆமை திண்டதாமே. ஈரலைக் காகத்துக்கு வைச்சுப் பாக்கேல்லையோ?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன வைக்கிறது?” என்று கேட்டேன்.

“ஆமை வெட்டினா முதல் வேலை அதுதான் பிள்ளை. எல்லா ஆமையும் நஞ்சில்லை. ஒரு காலத்தில ஒண்டு நஞ்சாப் போயிடும். பாத்தால் தெரியாது, மணத்தாலும் தெரியாது. காகத்துக்குத்தான் தெரியும். ஈரலில ஒரு துண்டு மதிலில வைப்பம். காகம் எடுத்தால் கறி வைப்பம். தொடாட்டி, முழு ஆமையையும் கொண்டுபோய்க் கடலில கொட்டிப் போடுவம்.”

அவ தும்புத்தடியை அடுத்த கட்டிலுக்கு நகர்த்திக்கொண்டு போய்விட்டா.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. வார்டில் ஆட்கள் வாயசைப்பது தெரிந்தது, சத்தம் வரவில்லை. என் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். தடியைப் பிடித்த கை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்துவிட்டேன். இவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். காகம் வந்ததை, தட்டிவிட்டதை, “ஓம்” என்றதை.

அவருக்கு நாக்குப் புரளவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு மூன்று சொல் சொன்னார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதையும், புஷ்பம்.”

பக்கத்துக் கட்டிலில் குணம் அண்ணை நித்திரையாகக் கிடந்தார். முதல்நாள் பின்னேரத்திலிருந்து அவர் நித்திரைதான். கூப்பிட்டால் கண் திறப்பார், உடனே சொருகிவிடும். புதன்கிழமை மத்தியானம், நோயாளரைப் பார்க்க வருபவர்கள் சாப்பாட்டுப் பார்சலோடு உள்ளே வந்துகொண்டிருந்த நேரம், அந்த நித்திரையிலேயே அவர் போய்விட்டார்.

திலகமக்காவின் குரலை நான் இங்கே எழுதப் போவதில்லை.

விசாரணையில் தெரேசம்மா

மரண விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என் கணவருக்குக் கண்டம் தாண்டவில்லை. என் மூத்த அண்ணன் கூட வந்தார். என்ன கேட்டாலும் “நான் சாப்பிடவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது” என்று மட்டும் சொல்லும்படி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு முன்னம் தெரேசம்மாவைக் கேட்டார்கள். கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தா. உதட்டோரம் புண். அவவும் அந்தக் கறியைத் தின்றிருந்தா.

“ஈரலைக் காகத்துக்கு வைத்தீர்களா?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“வைச்சனான் ஐயா.”

“காகம் தின்றதா?”

“திண்டது.”

“யார் பார்த்தது?”

அவ தலையைத் திருப்பி ஆட்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தா. நான் இருந்த இடத்தில் அவவின் கண் ஒரு கணம் நின்றது. இப்போது சொல்லப்போகிறா என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

“நான்தான். என்ர கண்ணால பார்த்தனான்,” என்றா.

அவ பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும். என்னுடைய முறை வந்தபோது, அண்ணன் சொல்லித் தந்ததை அப்படியே சொல்லிவிட்டு வந்து இருந்தேன். ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.

தற்செயலான மரணம் என்று முடித்தார்கள்.

பஸ்ஸில் தனியாக

இவர் பதினைந்து நாளில் எழும்பினார். கை கால் மெலிந்து, அரைமனிதராய் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் அவருடைய கந்தோர் ஆட்கள் பார்க்க வந்தபோது சொன்னார்கள்: குணம் அண்ணையின் தம்பிமார் இரண்டு பேர் ஊர்காவற்றுறைக்குப் போய், தெரேசம்மாவின் சட்டி பானையெல்லாவற்றையும் உடைத்து, கொட்டிலைப் பிரித்து எறிந்துவிட்டார்களாம். சூசை தப்பி எழும்பிக் கொண்டுவரும் மீனையும் இப்போது ஒருவரும் வாங்குவதில்லையாம். “வேணும் அவளுக்கு. நாறின ஆமையைக் குடுத்து மனிசரைச் சாக்காட்டினவள்,” என்றார் வந்தவர்களில் ஒருவர். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தநாள் காலை, இவர் நித்திரையாக இருக்கும்போது, நான் பஸ் ஏறினேன். பட்டணத்துக்கு வெளியே நான் தனியாகப் போன முதல் பயணம் அது.

தெரேசம்மா வளவில் பாய் விரித்துச் சூடை மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கொட்டில் இருந்த இடத்தில் நாலு மரக் கப்புத்தான் நின்றது. என்னைக் கண்டு எழும்பவில்லை.

நான் படலையிலேயே நின்று சொன்னேன். “அக்கா, அண்டைக்குக் காகம் தின்னேல்லை. நான்தான் தட்டிவிட்டனான். எனக்குத் தெரியாது அக்கா. உங்களுக்குப் பொய் சொல்லிப் போட்டன்.”

அவ ஒரு மீனைப் புரட்டி வைத்தா. பிறகு அடுத்ததை.

“தெரியும்,” என்றா.

“என்ன தெரியும்?”

“அண்டைக்குப் பின்னேரம், நீங்கள் போனாப் பிறகு, மதிலுக்கு அங்கால சாம்பல் கொட்டப் போனனான். இலையும் ஈரலும் அப்பிடியே கிடந்தது. எல்லாரும் திண்டு முடிஞ்சுது. நானும் திண்டு முடிஞ்சுது. அதிலயே குந்தியிருந்திட்டன்.”

“பிறகேன் விசாரணையில அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“பாக்க வேண்டியது ஆர்? நான். மூண்டு அடுப்பை விட்டிட்டு வந்து பார்த்திருக்க வேணும். வந்த பிள்ளையைக் கேட்டிட்டுக் கறி வைச்சது என்ர பிழை. உம்மட மனுசன் சாகக் கிடக்கேக்கை உம்மையும் அதில நிப்பாட்டி என்ன காணுறது?”

நான் அழத் தொடங்கினேன். அவ அதட்டினா.

“அழாதையும். எனக்குக் கோபம் இல்லையெண்டு நினைச்சிட்டீரோ? இத்தினை நாளும் உம்மை வைஞ்சுகொண்டுதான் செபமாலை சொன்னனான். நீரா வந்து சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்குத்தான் வாறீர்.”

பிறகு முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தா.

“அந்த மனுசிக்குச் சொல்லியாச்சோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப ஏன் இஞ்சை வந்தனீர்? அங்கையெல்லோ முதல் போயிருக்க வேணும்.”

திலகமக்கா கேட்டது

அதே பஸ்ஸில் திரும்பி, வீட்டுக்குப் போகாமல் நேரே திலகமக்காவிடம் போனேன். இன்னொரு நாள் என்று விட்டால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அவ விறாந்தையில் கதிரையில் இருந்து மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தா. வெற்று நெற்றி. என்னைக் கண்டதும், “வாரும் புஷ்பம், இரும்,” என்றா. நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். இடையில் நிறுத்தினால் தொடர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். தெரேசம்மா விசாரணையில் சொன்னது பொய் என்பதையும், ஏன் சொன்னா என்பதையும் சொன்னேன்.

சீப்பு மகளின் தலையில் அப்படியே நின்றது. பிள்ளை, “அம்மா, நோகுது,” என்றாள். திலகமக்கா சீப்பை எடுத்து மடியில் வைத்து, பிள்ளையை உள்ளே போகச் சொன்னா.

திட்டுவா என்று எதிர்பார்த்தேன். அடிப்பா என்றும் எதிர்பார்த்தேன். அவ கேட்டது வேறு.

“நீர் வெளியில இருந்தனீர்தானே. உம்மட இடத்தில இருந்து பாத்தால் அவர் சாப்பிட்டது தெரிஞ்சுதோ?”

“தெரிஞ்சுது.”

“எப்பிடிச் சாப்பிட்டவர்?”

அவ முகத்தில் வேறு எதுவும் இல்லை; தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவர் அவவோடு ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசவில்லை. அந்த ஞாயிறு விடிய சுகமாய் வீட்டிலிருந்து போனவர்தான் அவவுக்குக் கடைசி.

சொன்னேன். சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு இருந்தார் என்று சொன்னேன். இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். குழம்பை வழித்து விரலை நக்கினார். பக்கத்தில் இருந்த ஒரு கிழவருக்குத் தன் கோப்பையிலிருந்து ஒரு முள்ளுமுருக்கிலை வடை எடுத்து வைத்தார். “திலகம் வராமல் விட்டிட்டா, அவவுக்கு ஒரு பேணியில கொஞ்சம் போட்டுத் தாங்கோ” என்று தெரேசம்மாவிடம் கேட்டார். சட்டியில் தனக்கும் சூசைக்கும் மட்டும்தான் கொஞ்சம் மிஞ்சியிருந்ததால் தெரேசம்மா தரவில்லை.

அந்தக் கடைசி வரியைச் சொன்னபோதுதான் திலகமக்கா அழுதா. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதா. நான் கிட்டப் போனேன். அவ கையை நீட்டி என்னைத் தடுத்தா.

“காணும். சொன்னது காணும். இனி நீர் இஞ்சை வரவேண்டாம்.”

நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

சந்தையில்

அதற்கு அடுத்த வருடம், பட்டணத்துச் சந்தையில் கருவாட்டுக் கடகத்தோடு தெரேசம்மாவைக் கண்டேன். கொட்டிலைத் திருப்பிப் போட்டாச்சு என்றா. குணம் அண்ணையின் தம்பிமார் இருவரும் வந்து தாங்களே கப்பு நட்டுக் கிடுகு வேய்ந்து கொடுத்தார்களாம்.

“அவா அனுப்பினவா,” என்றா. “பிறகு தானும் ஒருநாள் வந்தவா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. அவர் எந்த இடத்தில இருந்தவர் எண்டு கேட்டவா. காட்டினன். அந்த வாங்கிலயே இருந்து, சோறு போடுங்கோ எண்டவா.”

சந்தை இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “உங்கட கையால சாப்பிட்டவவோ?”

“ஓம். தாயும் பிள்ளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவை. எனக்குத்தான் கறி போடேக்கை கை நடுங்கினது.”

நான் கருவாடு வாங்காமல், விலையும் கேட்காமல், அப்படியே நின்றேன்.

திலகமக்காவை அதன் பிறகு நான் பல தரம் கண்டிருக்கிறேன். பஸ் நிலையத்தில், துணிக்கடையில், கோயில் வீதியில். ஒரு தரம் நயினாதீவு வள்ளத்தில் எனக்கு நேர் எதிரே இருந்தா. என் மடியில் அப்போது என் மூத்த பிள்ளை. கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது. வள்ளம் ஆடியபோது அவவின் முழங்கால் என் முழங்காலில் முட்டியது. அவ காலை இழுத்துக்கொண்டு, இறங்கும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தா.